டூம் 2: புது கேமா, கூடுதல் மேப் கட்டா? அன்றைய ரிவியூக்களைப் பற்றி ஒரு பேச்சு

நடுநிசி_நரி (இழையைத் தொடங்கியவர்)

நரகத்துப் பூதங்களைத் துப்பாக்கியால் சுட்டுத்தள்ளும் பழைய கணினி கேம்களான டூம், டூம் 2 இரண்டையும் 2024 ஆகஸ்டில் ஒரே கட்டாக மறுபடி வெளியிட்டார்களே, அதில் டூம் 2-ஐ முதல் மேப்பிலிருந்து, அதாவது முதல் ஆட்டக்களத்திலிருந்து, கடைசி மேப் வரை வரிசையாக ஆடி முடித்தேன். முடித்த கையோடு அந்தக் காலத்துப் பத்திரிகை ரிவியூக்கள் சிலவற்றின் ஸ்கேன்களைத் தேடிப் படித்தேன். ஏறக்குறைய எல்லாரும் பாடியது ஒரே பாட்டுதான். ஆட்டம் அமர்க்களம், கீபோர்டிலிருந்து கை எடுக்க மனசு வரவில்லை. ஆனால் என்ஜின், அதாவது கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள், அதேதான், பெரிதாக எதுவும் மாறவில்லை, முதல் டூமுக்கு இன்னொரு மேப் கட்டு வாங்கின மாதிரி இருக்கிறது. இப்படிக் குறைபட்டுக்கொண்டே மார்க்கை மட்டும் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள்.

புகார் பொய் இல்லை. முதல் டூம் வந்தது 1993 டிசம்பர் 10. டூம் 2 கடைக்கு வந்தது 1994 அக்டோபர். நடுவில் பத்து மாதம். பழைய ஆயுதங்களோடு ஒரே ஒரு புது துப்பாக்கி, பழைய பூதங்களோடு ஏழு புது வகைப் பூதங்கள், 30 மேப், ஒளித்துவைத்த 2 மேப். குதிக்க முடியாது. மேலே கீழே பார்க்க முடியாது.

எனக்குத் தோன்றுவது என்னவென்றால், எது இல்லை என்பதை ரிவியூக்காரர்கள் துல்லியமாகப் பார்த்தார்கள். எது புதிது என்பதைக் கடந்துபோய்விட்டார்கள். அந்த ஏழு பூதங்களுக்கு ஒரு பத்தி, அந்தத் துப்பாக்கிக்கு ஒரு வரி, அவ்வளவுதான். இன்றைக்கு 30 வருஷம் கழித்து டூம் என்றால் ஜனங்கள் ஆடுவது அந்த ஒரு பத்தியையும் ஒரு வரியையும்தான். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாதிரொட்டி

நரி அண்ணே, இது கொஞ்சம் அநியாயம். ரிவியூ எழுதுகிறவர் வேலை, காசு கொடுத்து வாங்கப்போகிறவனுக்கு இது தேறுமா தேறாதா என்று சொல்வது. 30 வருஷம் கழித்து, கேமை மாற்றித் தாங்களே மேப் செய்யும் மாட் ஆட்கள் இதை வைத்து என்ன செய்வார்கள் என்று 1994-இல் உட்கார்ந்து ஜோசியம் பார்ப்பது அவர் வேலை இல்லை.

அதே சீசனில் வேறு என்ன வந்தது என்று பாருங்கள். 1994-இலேயே சிஸ்டம் ஷாக் வந்தாயிற்று: தலையைத் தூக்கிப் பார்க்கலாம், குனியலாம், சாய்ந்து எட்டிப் பார்க்கலாம், கதையை ஆடியோ பதிவுகளில் தேடித் தேடிக் கேட்கலாம். 1995 பிப்ரவரியில் டார்க் ஃபோர்ஸஸ்: குதிக்கலாம், ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை கட்டலாம். டூம் என்ஜினில் அது நடக்கவே நடக்காது, பாலம் மாதிரி ஒன்று வைக்கக்கூடத் தகிடுதத்தம் செய்யவேண்டும். இதையெல்லாம் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்த ஆள், முதல் டூமால் உலகத்தையே ஆட்டிவைத்த ஐடி சாஃப்ட்வேரிடமிருந்து கொஞ்சம் அதிகமாக எதிர்பார்த்தால் என்ன தப்பு?

வட்டாரவாசி

ரொட்டி சொல்வதில் பாதி சரி. ஆனால் எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

முதல் டூமின் முதல் எபிசோட் ஷேர்வேர், இலவசம். யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மீதி இரண்டு எபிசோட் வேண்டுமென்றால் நேரடியாக ஐடிக்குப் பணம் அனுப்பி வரவழைக்கவேண்டும். ஊர் உலகத்தில் டூம் ஆடிய கூட்டத்தில் பெரும்பாலோர் அந்த ஒன்பது மேப்போடு நின்றவர்கள். டூம் 2-க்கு ஷேர்வேரே கிடையாது. வெளியீட்டாளர் ஜிடி இன்டராக்டிவ் அதை அட்டைப்பெட்டியில் போட்டு நேராகக் கடை அலமாரிக்கு அனுப்பியது. ஆக, முழு டூமை வரவழைத்து 27 மேப்பையும் கரைத்துக் குடித்திருந்த ரிவியூக்காரருக்கு இது மிச்சச்சொச்சம். கடையில் போய் வாங்கின சாதாரண ஆளுக்கு இதுதான் கைக்கு வந்த முதல் முழு டூம். பழைய டூமுக்கு 'அல்டிமேட்' என்று அடைமொழி போட்டுக் கடையில் வைத்தது 1995-இல்தான், டூம் 2-க்கும் பிறகு.

இன்னொன்று. முதல் டூமுக்கு எட்ஜ் பத்திரிகை பத்துக்கு ஏழு போட்டு, இந்த ஜந்துக்களோடு பேச முடிந்தால், நட்புக் கொள்ள முடிந்தால் எப்படி இருக்கும் என்று எழுதியது. அதை வைத்து இன்றுவரை ஓட்டுகிறார்கள். எனக்கு அந்த ஆள் மேல் ஒரு மரியாதை உண்டு. பூதங்கள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, வந்து நின்று சாகின்றன, இதற்குமேல் ஏதாவது வேண்டும் என்ற ஏக்கம்தானே அது? அந்த ஏக்கத்துக்கு ஒருவிதப் பதில் டூம் 2-இல் இருந்தது. பேச்சுவார்த்தை இல்லை, வேறு வழி. அதை யாரும் அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சுவர்க்கோடு

இந்த இழைக்காகத்தான் லாகின் பாஸ்வேர்டைத் தேடி எடுத்தேன். பல வருஷமாக டூம் 2-க்கு மேப் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் டூமில் மேப் போட்டுப் பாருங்கள், சீக்கிரமே கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். இம்ப் என்ற சின்னப் பூதத்துக்கு 60 உயிர், அதாவது சாக அவ்வளவு அடி வாங்கவேண்டும். கேக்கோடீமனுக்கு 400. அதற்கு அடுத்த படி பாரன் ஆஃப் ஹெல், 1000. நடுவில் ஒன்றுமே இல்லை. பாரனை ஒரு அறையில் வைத்தால் அதைச் சாதா ஷாட்கன்னால் தட்டித் தட்டிக் கொல்வதற்குள் ஆடுகிறவன் கொட்டாவி விட்டுவிடுவான். டூம் 2 என்ன செய்தது? அதே பாரனின் நிறத்தை மாற்றி, உயிரைப் பாதியாக்கி, ஹெல் நைட் என்று பெயர் வைத்தது. சோம்பேறித்தனம் மாதிரித் தெரியும். ஆனால் கூடவே சூப்பர் ஷாட்கன்னையும் கொடுத்தது. ஒரு வெடிக்கு இரண்டு தோட்டா, 20 குண்டுச் சிதறல், ஒவ்வொன்றும் 5, 10 அல்லது 15 அடி. எல்லாம் பட்டால் சராசரி 200. ஹெல் நைட்டுக்கு 500 உயிர், அதாவது மூன்று வெடி. வெடிக்கும் வெடிக்கும் நடுவே ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல், குழலை மடக்கித் தோட்டாவைத் திணித்து மூடுகிற நேரம். அந்த இடைவெளியில் அது எறியும் பச்சை நெருப்புருண்டைக்கு ஒதுங்கவேண்டும், திரும்ப நெருங்கவேண்டும், ஏனென்றால் தூரத்திலிருந்து சுட்டால் குண்டு சிதறி வீணாகும். நெருங்கு, வெடி, ஒதுங்கு, நெருங்கு. இந்தத் தாளம் முதல் டூமில் கிடையாது.

மற்ற ஆறும் ஒவ்வொரு கெட்ட பழக்கத்துக்கு வைத்த ஆப்பு. சந்து திரும்பியதும் நின்று வேடிக்கை பார்க்கிற பழக்கமா? செயின்கன்காரன் இருக்கிறான்: 70 உயிர்தான், ஆனால் நீங்கள் அவன் கண்ணுக்கு மறையும்வரை சுடுவதை நிறுத்தவே மாட்டான். தூரத்தில் நின்றால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பா? ரெவனன்ட் விடும் ஏவுகணையில் சில உங்களை வளைந்து வளைந்து துரத்தும். அதைச் சுவரில் மோதவைக்கத் தெரியவேண்டும். தொந்தரவானவனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா? பெயின் எலிமென்டலை அப்படி விட்டால் அறை முழுக்க பறக்கும் மண்டையோடுதான். அதை நோக்கி ஓடி, மூக்கோடு மூக்கு உரச நின்று சுடவேண்டும்.

அப்புறம் ஆர்ச்-வைல். 700 உயிர், டூமிலேயே வேகமாக நடக்கிறவர்களில் ஒருவன். கையைத் தூக்கினான் என்றால் உங்களைச் சுற்றித் தீ எழும்பும். கிட்டத்தட்ட இரண்டு விநாடி. அதற்குள் அவன் பார்வையிலிருந்து மறைந்தால் ஒன்றும் ஆகாது. மறையாவிட்டால் நூறு உயிரில் பெரும்பகுதி போய், ஆளும் கூரை வரை தூக்கி எறியப்படுவீர்கள். சும்மா இருக்கும் நேரத்தில் நீங்கள் கொன்ற பிணங்களை எழுப்பிவிடுவான். இவனை வைத்த உடனே அந்த அறையில் இருக்கும் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு வேலை வந்துவிடுகிறது. அது வரை தூண் என்பது அலங்காரம். முதல் டூமில் ஓடிக்கொண்டே இருந்தால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். இங்கே எங்கே ஓடுகிறோம், யாரை முதலில் சாய்க்கிறோம், எந்தப் பிணம் எங்கே கிடக்கிறது என்று எல்லாம் கணக்கு.

என்ஜின் பெரிதாக மாறாமலே ஆட்டத்தின் இலக்கணமே மாறிவிட்டது. ரிவியூக்காரர்கள் படத்தைப் பார்த்தார்கள், இதைப் பார்க்கவில்லை. நரி சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

மின்மினி_87

சுவர்க்கோடு, அருமையான பதிவு. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படக்கூடாது. இவ்வளவு நல்ல பூதங்களைச் செய்துவிட்டு, டூம் 2 மேப்புகள் அவற்றை எப்படிப் பயன்படுத்துகின்றன?

என் கட்சி நீங்கள் எல்லாரும் சொல்வதற்கு நேர் எதிர். ரிவியூக்காரர்கள் ரொம்ப இளகின மனசுக்காரர்கள். என்ஜின் பழசு என்று முணுமுணுத்ததற்குப் பதிலாக மேப்புகளுக்கு மார்க்கைக் குறைத்திருக்கவேண்டும்.

13-ஆவது மேப், டவுன்டவுன். பூமிக்கு நரகம் வந்துவிட்டது, நகரத்தில் சண்டை என்று பெட்டி அட்டையில் ஆசை காட்டிவிட்டு, வெட்டவெளியில் ஏழெட்டுப் பெட்டிகளை நிறுத்திவைத்து இதுதான் நகரம் என்கிறார்கள். எந்தக் கட்டடத்தில் எந்தச் சாவி என்று நாய் மாதிரி அலையவேண்டும். 24-ஆவது மேப், தி காஸம். காலை உயர்த்திக் குதிக்க முடியாத, கீழே குனிந்து பாதத்தைப் பார்க்க முடியாத ஒரு என்ஜினில், ஒல்லி விளிம்புகளின் மேல் நடக்கச் சொல்கிறார்கள். விழுந்தால் சுற்றிக்கொண்டு மேலே வந்து மறுபடி நடக்கணும். இதை யார் ஆசைப்பட்டு ஆடுவார்கள்?

காரணமும் தெரிந்ததுதான். முதல் டூமின் முதல் எபிசோடை அவ்வளவு இழைத்து இழைத்துச் செய்த ஜான் ரொமேரோ டூம் 2-இல் செய்தது ஆறே ஆறு மேப். பாதிக்கு மேல் சாண்டி பீட்டர்சன். தொடக்கத்தில் வரும் சில மேப்புகளில் அமெரிக்கன் மெக்கீ என்ற இன்னொரு வடிவமைப்பாளரின் கை. பீட்டர்சனுக்கு மூளையில் யோசனைகள் கொட்டும், ஆனால் சுவரில் ஒட்டிய டெக்ஸ்சர் நேராக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா என்று பார்க்கிற பொறுமை இருந்த மாதிரி தெரியவில்லை.

எபிசோட் பிரிவை எடுத்ததும் தப்புதான். முதல் டூமில் எபிசோட் மாறினால் மறுபடி கைத்துப்பாக்கி, 50 தோட்டா. பூஜ்யத்திலிருந்து தொடங்குகிற பரபரப்பு இருந்தது. இங்கே 30 மேப்பும் ஒரே ஓட்டம். நடுவில் ராக்கெட்டும் பிளாஸ்மாவும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிடுகிறது, சாகாமல் போனால் பாதி மேப்புகளில் சவாலே இல்லை.

கோப்பாய்க்காரன்

மின்மினி அக்கா சொல்லுறது எல்லாம் ஓம், ஆனால் பீட்டர்சனைப் போட்டு இப்படி அடிக்காதேங்கோ. அந்த மனிசன் வீடியோ கேமுக்கு முன்னமே மேசையில் ஆடுகிற ரோல்பிளே ஆட்டங்கள் எழுதினவர். ஒவ்வொரு மேப்பும் அவருக்கு ஒரு விடுகதை. வடிவு பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

எட்டாவது மேப்பை எடுங்கோ, ட்ரிக்ஸ் அண்ட் ட்ராப்ஸ். ஒரு கதவைத் திறந்தால் உள்ளுக்குள் பாரன்கள் கூட்டமாக நிக்குது. அவைக்குப் பின்னால் ஒரு சைபர்டீமன், 4000 உயிர். நீங்கள் ஒரு தோட்டாவும் செலவழிக்கத் தேவையில்லை. சைபர்டீமன் உங்களுக்கு விடுகிற ராக்கெட் பாரனில் பட்டால் காணும், அவையள் தங்களுக்குள்ளயே அடிபட்டு முடிப்பினம். நீங்கள் வாசலில் நிண்டு பார்க்கலாம். 23-ஆவது மேப் முழுக்க வெடிக்கிற பீப்பாய்தான். முதல் அடி எடுத்து வைக்கும் முன்னமே சங்கிலி மாதிரி வெடிச்சுக்கொண்டு வரும், ஓடத் தெரியாதவன் செத்தான். இப்படி ஒரு மேப்புக்கு ஒரு குறும்பு என்று 17 மேப்புக்குக் கிட்ட யோசிக்கிறதே பெரிய விஷயம். ரொமேரோவின் மேப் வடிவானதுதான், ஆனால் டூம் 2 எண்டவுடன் எனக்கு ஞாபகம் வாறது பீட்டர்சனின் குறும்புகள்தான்.

மற்றது, நீங்கள் எல்லாரும் தனியாக ஆடுகிறதைப் பற்றியே கதைக்கிறீர்கள். 1994-இல் டூம் வாங்கினவர்களில் எத்தனையோ பேருக்குப் பெரிய விஷயம் நாலு பேர் நெட்வொர்க்கில் ஒருவரை ஒருவர் சுடுகிறது. பீட்டர்சன் செய்த முதல் மேப் தனியாக ஆடினால் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிஞ்சிடும், ஒரு புதுமையும் இல்லை. அதையே இரண்டு பேர் எதிரெதிராக ஆடிப் பாருங்கோ. டூம் டெத்மேட்ச் ஆட்களின் சதுரங்கப் பலகை அது. தனியாக இருந்து ரிவியூ எழுதினவருக்கு இது எப்படித் தெரியும்?

நெறியாளர்_2

டூம் 3 பற்றிய மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். டார்ச் லைட் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே டூம் 2 மட்டும்.

நடுநிசி_நரி

மின்மினிக்கு: மேப்புகள் பற்றி நீங்கள் சொன்னதில் தி காஸம் விஷயத்தில் வாதாட ஆளே கிடைக்காது. ஆனால் மேப்புகள் பூதங்களைப் பயன்படுத்தவே இல்லை என்று சொல்ல முடியாது.

ஏழாவது மேப், டெட் சிம்பிள். ஒரு முற்றம், அவ்வளவுதான். சுவர்கள் இறங்கினதும் நான்கு பக்கமும் மேன்க்யூபஸ். தலா 600 உயிர், இரண்டு கையிலும் நெருப்புக் குழாய். இவை ஆடுகிறவனை வட்டமடிக்க வைக்கின்றன. கடைசி மேன்க்யூபஸ் விழுந்ததும் வெளிச்சுவர் இறங்குகிறது, அராக்னோட்ரான்கள் வருகின்றன, விடாமல் பிளாஸ்மா பொழிகின்றன. இப்போது அதே வட்டத்தில் ஓடினால் மாட்டிக்கொள்வீர்கள், நடுவிலிருக்கும் மறைப்புகளைத் தேடவேண்டும். ஒரே முற்றம், இரண்டு பூதம், இரண்டு வேறு ஆட்டம். இதற்குக் கதையும் தேவையில்லை, புது என்ஜினும் தேவையில்லை. அதே மாதிரி ஆர்ச்-வைலை 11-ஆவது மேப் வரை வெளியே விடாமல் பொத்திவைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது ரொமேரோ போட்ட மேப்.

20-ஆவது மேப்பில் சைபர்டீமனையும் ஸ்பைடர் மாஸ்டர்மைண்டையும் எதிரெதிரே நிறுத்தி மோதவிட்டதும் ரொமேரோதான். முதல் டூமின் இரண்டு பெரிய பாஸ் பூதங்களை நடுவழியில் இப்படிக் கூத்தாக்கியது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாதிரொட்டி

சரி, கடைசி மேப்பைப் பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? 30-ஆவது மேப், ஐகன் ஆஃப் சின். சுவரில் ஒட்டிய ஒரு பிரம்மாண்ட ஆட்டுத்தலை. அசையாது, சண்டை போடாது, நெற்றி ஓட்டையிலிருந்து கனசதுரப் பெட்டிகளை எறிந்துகொண்டே இருக்கும், விழுந்த இடத்தில் ஏதோ ஒரு பூதம் முளைக்கும். நீங்கள் மேடையில் ஏறி, அது உயரும்போது சரியான உயரத்தில் ராக்கெட்டை அந்த ஓட்டைக்குள் விடவேண்டும். மேலே பார்க்க முடியாத குறையை கடைசி பாஸ் சண்டையாகவே மாற்றிவிட்டார்கள்! உள்ளே ஒளிந்திருப்பது ரொமேரோவின் வெட்டிய தலை, ஆபீஸ் கலாட்டா. தலைகீழாக ஒலிக்கும் குரலும் அவருடையதே, என்னைக் கொன்றால்தான் ஜெயிப்பாய் என்று. ஜோக் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 30 மேப் கடந்து வந்தவனுக்கு இதுதான் முடிவா? இதற்கு மார்க்கைக் குறைக்காத ரிவியூக்காரரை நான் மன்னிக்கமாட்டேன். பாருங்கள், நானும் மின்மினி அக்கா கட்சிக்கு வந்துவிட்டேன்.

வட்டாரவாசி

ஒளித்துவைத்த இரண்டு மேப்புகளுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 31, 32 இரண்டும் ஐடியின் முந்தைய கேமான வுல்ஃபென்ஸ்டைன் 3டியின் சுவர்களோடும் நாஜிச் சிப்பாய்களோடும் செய்த நையாண்டி. கடைசியில் ஐடியின் பழைய நாயகன் கமாண்டர் கீனைத் தூக்கில் தொங்கவிட்டிருப்பார்கள், நாலு பேராக. இந்த நையாண்டி ஜெர்மனியில் எடுபடவில்லை. அங்கே இளைஞர்களுக்குத் தீங்கானவை என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் டூமும் டூம் 2-உம் ஏறின. முழுத் தடை இல்லை, ஆனால் விளம்பரம் செய்யக்கூடாது, சின்னப் பசங்களுக்கு விற்கக்கூடாது. கடை அலமாரியில் வைக்க முடியாத சரக்கை எந்தக் கடைக்காரர் வாங்கிப் போடுவார்? 2011 ஆகஸ்டில்தான் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அப்போதும் டூம் 2-இன் அமெரிக்கப் பதிப்பை எடுக்கவில்லை, அந்த இரண்டு மேப்பில் இருக்கும் ஸ்வஸ்திகாவினால். பத்திரிகைகள் என்ஜின் பழசா புதுசா என்று பேசிக்கொண்டிருந்த அதே கேமை ஒரு அரசாங்கம் முற்றிலும் வேறு கண்ணாடி போட்டு ரிவியூ செய்தது.

2012-இல் வந்த டூம் 3 பிஎஃப்ஜி பதிப்போடு சேர்த்துக் கொடுத்த டூம் 2-இல் அந்த மேப்புகளின் பெயரை மாற்றி, சிப்பாய்களுக்குப் பதில் சாதாரண ஜோம்பிகளை வைத்துவிட்டார்கள். சப்பென்று இருக்கும்.

சுவர்க்கோடு

மின்மினி கேட்டதற்கு வருகிறேன், அது நல்ல கேள்வி என்பதால். பூதங்களின் முழு அருமை டூம் 2 மேப்புகளில் தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எங்கே தெரிந்தது என்றால் 1996-இல், ஃபைனல் டூம் பெட்டியில். அதில் இரண்டு தொகுப்பு. ஒன்று டிஎன்டி குழு செய்தது. இன்னொன்று ப்ளூட்டோனியா, டேரியோ, மைலோ என்ற காசாலி சகோதரர்கள் இருவர் செய்தது. ப்ளூட்டோனியாவில் புது பூதம் ஒன்றுகூடக் கிடையாது, புது ஆயுதம் கிடையாது, என்ஜினில் மாற்றம் கிடையாது. டூம் 2 கொடுத்ததை மட்டும் வைத்து, செயின்கன்காரனை எந்த மாடத்தில் நிறுத்துவது, ஆர்ச்-வைலை எப்போது திறந்துவிடுவது, ரெவனன்ட்டை எந்தப் பக்கம் முதுகுக்குப் பின்னால் இறக்குவது என்று யோசித்திருக்கிறார்கள். முதல் தடவை ஆடும்போது ஆத்திரம் வரும். அப்புறம் இந்த ஆட்கள் டூம் 2-ஐ ஐடியைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

அதற்குப் பிறகு வந்த பெரிய தொகுப்புகளை எடுத்தால் ஹெல் ரிவீல்ட் 1997, ஏலியன் வெண்டெட்டா 2001, சைத் 2003, சன்லஸ்ட் 2015, எவிட்டர்னிட்டி 2018. எல்லாமே டூம் 2-இன் மேல் ஏறி உட்கார்ந்தவை. 1997 டிசம்பரில், என்ஜினை எழுதிய ஜான் கார்மாக் அதன் சோர்ஸ் கோடை (மூல நிரலை) வெளியிட்டதும் குதிக்கவும் மேலே பார்க்கவும் விடுகிற போர்ட்டுகள், அதாவது மாற்றியெழுதிய பதிப்புகள், எத்தனையோ வந்துவிட்டன. அப்படியும் மேப் போடுகிற பாதிப் பேர், குதிக்கக்கூடாது என்று விதி எழுதித்தான் மேப்பை வெளியிடுகிறார்கள். 1994-இல் குறை என்று எழுதியதை வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறார்கள். 2023-இல் இணையமே பேசிய மைஹவுஸ் மேப்பும் டூம் 2-க்குத்தான்.

பாதிரொட்டி

சுவர்க்கோடு அண்ணே, நீங்கள் என் பக்கத்துக்கு வாதாடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை. காசாலி சகோதரர்கள் செய்தது காசாலி சகோதரர்களுக்கு மார்க். சன்லஸ்ட் அதைச் செய்தவர்களுக்கு மார்க். டூம் 2 என்ற பெட்டியை 1994-இல் வாங்கினவன் கையில் இருந்தது டவுன்டவுனும் தி காஸமும் ஆட்டுத்தலையும். நல்ல உளி வாங்கிக் கொடுத்தவருக்குச் சிலைக்கான பரிசைக் கொடுக்க முடியாது.

மின்மினி_87

ரொட்டி சொல்வது ஓரளவு சரி, ஆனால் உளியும் பெட்டிக்குள்ளேதானே இருந்தது? சூப்பர் ஷாட்கன்னை இரண்டாவது மேப்பிலேயே கையில் கொடுக்கிறார்கள். நான் முதலில் சொன்ன குறைகள் எல்லாம் இருந்தும் இந்தக் கேமை ஆட முடிகிறது என்றால் அந்த ஒரு துப்பாக்கியால்தான். மட்டமான மேப்பில்கூட அதை வெடித்து மூடுகிற சத்தம் கேட்டால் அடுத்த கதவைத் திறக்கத் தோன்றுகிறது. நான் மார்க் போட்டிருந்தால் பூதங்களுக்கும் துப்பாக்கிக்கும் பத்துக்கு பத்து, மேப்புகளுக்கு ஐந்து, கடைசி பாஸுக்கு இரண்டு. மொத்தமாக ஒரு எண் கேட்காதீர்கள், அது பத்திரிகைக்காரர்களின் தலைவலி.

ரிவியூக்கள் பற்றி இன்னொன்று. சிஸ்டம் ஷாக்கோடு ஒப்பிடுவது எனக்கு ஒட்டவில்லை. இரண்டும் வேறு ஜாதி. டூம் 2-ஐ அந்தத் திசையில் போகவில்லை என்று குறைசொன்னால் நிதானமாக ஆடும் கேமை வேகம் போதாது என்று குறைசொல்வதும் நியாயமாகிவிடும். ஒரு கேம் எதைச் செய்யப் புறப்பட்டது, அதைச் செய்ததா என்று பார்க்கவேண்டும். அந்தக் காலத்தில் தொழில்நுட்பம் மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வருஷம் பழைய என்ஜின் என்றால் கிழவன். அந்த வேகத்தில் எழுதினவர்கள் கண்ணுக்குப் புதுமை என்றால் படத்தில் தெரிகிற புதுமை மட்டும்தான்.

கோப்பாய்க்காரன்

அக்கா சொன்ன கடைசி வரிக்கு நூறு லைக்.

ஈட்டிமுனை

வணக்கம், இங்கே புதுசு. நான் 2020 டூம் எடர்னல் வழியாக உள்ளே வந்தவன். இந்த இழையைப் படித்தால் ஒரு விஷயம் சிரிப்பாக இருக்கிறது. எடர்னலில் பூமியில் நரகம், ஆர்ச்-வைல், அராக்னோட்ரான், பெயின் எலிமென்டல், சூப்பர் ஷாட்கன், கடைசியில் ஐகன் ஆஃப் சின். எல்லாம் புதுசு என்று நினைத்து ஆடிக்கொண்டிருந்தேன், அத்தனையும் இங்கிருந்து எடுத்தது! யாரை முதலில் கொல்வது என்ற கணக்குத்தான் எடர்னலில் எனக்குப் பிடித்ததே. டூம் 2 ஆடலாம் என்று இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? குதிக்க முடியாமல் எப்படி ஆடுகிறீர்கள்?

நடுநிசி_நரி

வாங்க தம்பி. எடர்னலில் ஐகன் ஆஃப் சின் எழுந்து நடக்கும், சண்டையும் போடும், ரொட்டியின் மனக்குறையை 26 வருஷம் கழித்துத் தீர்த்துவைத்தார்கள்.

குதிக்காமல் இருப்பது பத்து நிமிஷத்தில் பழகிவிடும். ஓட்டத்தை எப்போதும் ஆன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஆட்டுவிக்கும் வீரன் (டூம்கை) ரொம்ப வேகம், அந்த வேகம்தான் குதிப்பதற்குப் பதில்.

சுவர்க்கோடு

தம்பி, ஹர்ட் மி ப்ளென்டி என்ற நடுத்தரக் கடின நிலையில் தொடங்குங்கள், அதற்கு மேலான அல்ட்ரா வயலன்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மேப்பையும் கைத்துப்பாக்கியிலிருந்து தொடங்கி ஆடிப் பாருங்கள், மின்மினி சொன்ன மூட்டை மூட்டையாகச் சேருகிற பிரச்சினை அதோடு போயிற்று. மேப் போட்டவர் எந்தத் தோட்டாவை எங்கே வைத்தார், ஏன் வைத்தார் என்பதும் அப்போதுதான் தெரியும். ஆர்ச்-வைல் கத்துகிற சத்தம் கேட்டால் வேறு யாரையும் பார்க்காதீர்கள், பக்கத்தில் தூண் எங்கே என்று பாருங்கள்.

மின்மினி_87

24-ஆவது மேப் வந்ததும் கூச்சப்படாமல் ஐடிகிளெவ்25 (idclev25) என்ற சீட் கோடை டைப் அடித்து அடுத்த மேப்புக்குப் போய்விடுங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம்.

கோப்பாய்க்காரன்

நான் சொல்லுவன். தி காஸத்தையும் ஆடிப்போட்டு வந்து திட்டுங்கோ தம்பி, ஆடாமல் திட்டுறவையின்ர இழை ஏற்கெனவே நாலு இருக்கு.

ஈட்டிமுனை

டவுன்லோடு 60 சதவீதம். இன்றைக்கு ராத்திரி டெட் சிம்பிள் வரை போய்ப் பார்க்கிறேன். அந்த முற்றத்தில் சாதா ஷாட்கன்னை வைத்துக்கொண்டு ஆட முடியுமா, இல்லை சூப்பர் ஷாட்கன் கட்டாயமா?

சுவர்க்கோடு

முடியும். மேன்க்யூபஸுக்கு சாதா ஷாட்கன்னில் எட்டு ஒன்பது வெடியாவது ஆகும், ஓடிக்கொண்டே இருங்கள். அராக்னோட்ரான் வந்ததும் செயின்கன்னுக்கு மாறுங்கள், குண்டு பட்டால் அடிக்கடி நடுங்கி நின்றுவிடும், திருப்பிச் சுடவிடாமல் பிடித்து வைக்கலாம்.